பழைய டிராக்டருக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறீர்களா? டப்பாவைக் கடைசியாக வாங்குங்கள்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் லிம் சூ காங்கில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கொட்டகை, அதற்குள் பழைய மாஸி ஃபெர்குசன் 35 ஒன்று. காலை ஏழரைக்குள் பானெட்டுக்குச் சிவப்பு அடித்து முடித்துவிட்டு, இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்தது என்ற சந்தோஷத்தில் கோப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்த சிவப்பு மோர் தெளித்தது போல மங்கிக் கிடக்கிறது. துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில் பெயிண்டிங் பிரிவில் பன்னிரண்டு வருடமாக இருப்பவன் நான். ராத்திரி மழை பெய்து இரும்பு சில்லென்று இருக்கும்போது பெயிண்டைத் தொடக்கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே என் வேலை. ஞாயிறு ஒருநாள்தான் கிடைக்கிறது, தோட்டத்து முதலாளி, எங்கள் தவ்கே, வேறு மத்தியானச் சாப்பாடு வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார், அவசரப்பட்டுவிட்டேன். அடித்ததையெல்லாம் தேய்த்து எடுத்து மறுபடி அடிக்க இன்னும் இரண்டு ஞாயிறு போனது.

அந்த வண்டி இப்போது நன்றாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் கேட்டார்கள், என்ன பெயிண்ட் வாங்கினாய், எந்தக் கம்பெனி, என்ன விலை என்று. எல்லோரும் டப்பாவில்தான் தொடங்குகிறார்கள். டப்பா கடைசி. இதைப் படிக்கிற பலர் ஊரில் அப்பாவோ சித்தப்பாவோ வைத்திருக்கும் மாஸியை மனதில் வைத்துத்தான் படிப்பீர்கள். 1960ல் சென்னையில் தொடங்கிய டாஃபே என்ற டிராக்டர் கம்பெனி வழியாக நம் பக்கம் வந்த வண்டிகள் அவை. முறை அங்கேயும் இதேதான், வானம்தான் வேறு.

முதலில் என்ன நிறம் என்று தோண்டிப் பாருங்கள்

கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை நம்பாதீர்கள். வெயிலில் நாற்பது வருடம் நின்ற சிவப்பு செங்கல் நிறத்துக்கு வந்திருக்கும், நடுவில் யாராவது வீட்டு கேட்டுக்கு அடித்த மிச்சத்தையும் மேலே பூசியிருப்பார்கள். வெயில் படாத இடங்களைத் தேடுங்கள்: டேஷ்போர்டுக்குப் பின்னால், டூல் பெட்டிக்குள், மட்கார்டு பொருந்தும் பட்டைக்கு அடியில், பேட்டரி தட்டுக்குக் கீழே. தின்னர் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, பாலிஷ் காம்பவுண்ட் கொஞ்சம் தேய்த்தால் பழைய நிறம் எட்டிப் பார்க்கும்.

வண்டியின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் தேடுவது சுலபம். 1946 முதல் 1956 வரை வந்த சின்ன ஃபெர்குசன், டிஇ20, உச்சி முதல் அச்சு வரை சாம்பல். 1956ல் வந்த ஃபெர்குசன் 35க்குத் தகடு சாம்பல், இன்ஜினும் கியர்பாக்ஸும் தங்க நிறம். அடுத்து மாஸி ஃபெர்குசன் என்ற பெயரோடு வந்த 35க்குத்தான் சிவப்பு பானெட், சிவப்பு மட்கார்டு, சாம்பல் இன்ஜின். ஃபோர்ட்சன் மேஜர் என்றால் நீல உடம்பு, ஆரஞ்சுச் சக்கரம். இன்ஜினையும் சேர்த்து எல்லாவற்றுக்கும் ஒரே சிவப்பை அடித்துவிட்ட மாஸிகளை நிறையப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பாவமாக இருக்கும்.

நிறம் தெரிந்ததும் அந்தத் துண்டையே கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஃபோனில் எடுத்த படத்தைக் காட்டிக் கலக்கச் சொன்னால் உங்கள் ஃபோனின் நிறம்தான் கிடைக்கும். ஜாலான் புசார் பக்கம் கலர் கலந்து தருகிற கடையில் துண்டைக் கொடுத்துவிட்டு, கலந்ததை ஒரு தகட்டில் பூசிக் காயவைத்து, வெளியே வெயிலில் வைத்துப் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள்.

கிரீஸ் போகாமல் துருவைத் தொடாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு இதுதான். கம்பி பிரஷ்ஷைக் கையில் எடுத்தவுடன் ஒரு வேகம் வரும், சரசரவென்று தேய்ப்பார்கள். இரும்பின் மேல் எண்ணெய் இருக்கும்போது தேய்த்தால் எண்ணெய் போகாது, இன்னும் நன்றாகப் பரவி மேடுபள்ளத்துக்குள் இறங்கும். பிறகு அதன்மேல் எவ்வளவு நல்ல பிரைமர் அடித்தாலும் மீன்கண் மாதிரி சின்னச் சின்னக் குழியாக விலகும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் தோலாக உரியும். கப்பல் பட்டறையில் எத்தனை டன் இரும்பாக இருந்தாலும் முதல் வேலை கழுவுவதுதான்.

கெட்டியான மண்ணையும் கிரீஸையும் பட்டிக்கத்தியால் சுரண்டுங்கள். மண்ணெண்ணெய் அல்லது டிகிரீசர் பூசிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பழைய டிராக்டரில் பின் ஆக்சிலும் ஹைட்ராலிக் மூடியும் சேருகிற மூலையில் விரல் தடிமனுக்கு இருக்கும், இரண்டு மூன்று தடவை செய்யத்தான் வேண்டும். காய்ந்த பிறகு இரண்டு துணி முறை: ஒரு துணியில் தின்னர் நனைத்துத் துடைத்துக்கொண்டே போங்கள், அது ஆவியாகும் முன்னால் மற்றொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிர, வண்டியை விட்டுப் போகாது. எண்ணெய் எங்காவது கசிந்தால் இப்போதே சீல் மாற்றிவிடுங்கள், கசிகிற இடத்தின் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது.

அப்புறம், கழுவின தண்ணீரை மழைக் கால்வாயில் விடாதீர்கள். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, கால்வாயில் போவது நாளைக்கு நம் குழாயில் வரும். அடியில் தார்ப்பாய் விரித்து, மரத்தூள் போட்டு உறிஞ்சி எடுத்து, மிச்சத் தின்னரோடு சேர்த்து மூடி வைத்து, உரிமம் உள்ள கழிவு ஆட்களிடம் கொடுத்துவிடுங்கள்.

துருவும் பழைய பெயிண்டும்

ஐம்பது அறுபது வருட வண்டியின் அடிப் பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். காய்ந்த நிலையில் கிரைண்டர் போட்டுத் தூள் கிளப்பாதீர்கள். தண்ணீர் உப்புத்தாள், இல்லையென்றால் பெயிண்ட் ரிமூவர். முகமூடி சாதாரணத் துணியாக இருக்கக்கூடாது, தூசி வடிகட்டுகிற பி100 வகை போடுங்கள், வேலைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

பிளாஸ்டிங், அதாவது குருணையைக் காற்றில் பீய்ச்சித் துருவை எடுப்பது, செய்துவிடலாமே என்று பட்டறைக்காரர்கள் கேட்பார்கள். சக்கரம், முன் ஆக்சில், எடைக்காக மாட்டுகிற இரும்பு போன்ற கனமான, கழற்ற வருகிற பாகத்துக்குச் சரி, கார்னெட் என்ற கல் குருணை போட்டு அடியுங்கள், ஆற்று மணல் வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. பானெட், மட்கார்டு போன்ற மெல்லிய தகட்டுக்கு பிளாஸ்டிங் ஆகாது, அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் முழுசாக நிற்கவைத்துக்கொண்டு அடிப்பது அதைவிட மோசம். ஒரு கைப்பிடி குருணை பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகவோ சீல் ஓரமாகவோ உள்ளே போனால் பேரிங் போச்சு.

நான் பெரும்பாலும் கம்பி பிரஷ், சுரண்டி, 80ம் நம்பர் உப்புத்தாள் என்றுதான் செய்தேன். பளபளக்க வேண்டியதில்லை, தளர்ந்ததெல்லாம் போய், கெட்டியாக ஒட்டியிருப்பது மட்டும் நிற்க வேண்டும். முக்கியமான விஷயம், வெறும் இரும்பைத் திறந்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள். இங்கே இருக்கிற ஈரத்தில் சில மணி நேரத்துக்குள் ஆரஞ்சு நிறத்தில் பூத்துவிடும். ஒரு நாளில் எவ்வளவுக்குப் பிரைமர் அடிக்க முடியுமோ அவ்வளவை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

மூடவேண்டியதை மூடுங்கள்

நம்பர் தகடு, டிப்ஸ்டிக், பிரீதர், ரப்பர் சீல்கள், ஹோஸ், பின்பக்கம் கருவிகளைச் சுழற்றுகிற பிடிஓ ஷாஃப்டின் பற்கள், கன்ட்ரோல் கம்பிகள் உள்ளே போய் வருகிற இடம். ரேடியேட்டரின் நடுப்பகுதிக்குக் கனமாக அடித்தால் சூடு வெளியே போகாது. பேட்டரி எர்த் வயர் உட்கார்கிற இடத்தில் பெயிண்ட் பட்டால், எல்லாம் முடித்து சாவி திருப்பும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும், ஸ்டார்ட்டர் கெட்டுவிட்டது என்று ஓடுவீர்கள். சக்கரத்தில் நட் உட்கார்கிற முகத்திலும், ஹப்போடு சேர்கிற முகத்திலும் கனமாகப் பெயிண்ட் இருக்கக்கூடாது. நட்டின் இறுக்கத்தில் அது நசுங்கி வழிந்து, கொஞ்ச நாளில் நட் தளரும். இது அழகு சம்பந்தப்பட்டதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

சரி, இப்போது டப்பா

மேல் பெயிண்டுக்கு மூன்று வழி. முதலாவது சிந்தெடிக் எனாமல், அதாவது ஆல்கைட். அந்தக் காலத்து வண்டிகளுக்கு வந்தது இந்த மாதிரிதான். ஒரே டப்பா, பிரஷ்ஷாலும் அடிக்கலாம், வழிந்தால் துடைக்கலாம், கைத்தப்பை மன்னிக்கும். மெல்லக் காயும், சில வருடத்தில் வெயிலில் வெளுக்கும், டீசல் சிந்தினால் மெத்தென்றாகும். இரண்டாவது இரண்டு டப்பா பாலியூரித்தேன். கெட்டி, மினுக்கு, டீசலுக்கு அசையாது, வெயிலில் நிறம் நிற்கும். ஆனால் அதை இறுக்குகிற ஹார்டனரில், அதாவது இரண்டாவது டப்பாவில், ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்யும்போது அந்தப் புகை மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், ஒருதடவை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் பிறகு கொஞ்சம் வாடை பட்டாலே இழுக்கும். பட்டறையில் இதற்குத் தனிக் காற்று வருகிற முகக்கவசம் போட்டுத்தான் அடிக்கிறோம். கொட்டகையில் சாதாரண மாஸ்க்கோடு செய்கிற காரியமில்லை. ஸ்பிரே பூத் வைத்திருக்கிற கடையில் தகடுகளைக் கொடுத்து அடித்து வாங்குங்கள். வீவக அடுக்குமாடி புளோக் கீழேயோ கார் நிறுத்துமிடத்திலோ ஸ்பிரே கன்னை எடுக்கிற யோசனையே வேண்டாம், எந்தப் பெயிண்டாக இருந்தாலும்.

மூன்றாவது லாக்கர். இந்த ஈரத்தில் வெள்ளை பூக்கும், விட்டுவிடுங்கள்.

முதல் வண்டி என்றால் ஆல்கைட் எடுங்கள் என்பதுதான் என் கருத்து. பலருக்கு இது பிடிக்காது, பழசு என்பார்கள். அழிந்தால் மறுபடி அடிக்கக் கூடிய பெயிண்ட்தான் கற்றுக்கொள்கிறவனுக்கு நல்லது. நான் கடைசியில் இன்ஜின், சேஸிஸ் எல்லாவற்றுக்கும் சாம்பல் ஆல்கைட் பிரஷ்ஷில் அடித்தேன். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் மட்டும் சிவப்பு ஸ்பிரே, அதுவும் ஆல்கைட்தான்.

பட்டறையில் மிஞ்சின பெயிண்டைக் கொண்டு வந்து அடிக்கலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு: கேட்காமல் எடுத்தால் வேலை போகும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கப்பலுக்கு அடிக்கிற எப்பாக்ஸி வெயிலில் நின்றால் சுண்ணாம்பு மாதிரிப் பொடி விடும், மேல் கோட்டுக்கு ஆகாது. துத்தநாகப் பிரைமர் மேல் ஆல்கைட் அடித்தால் அது சோப்பாக மாறிக் கழன்றுவிடும்.

பிரைமர் விஷயத்தில் மட்டும் எப்பாக்ஸியை நம்புங்கள். வெறும் இரும்புக்கு முதலில் ஒரு கோட் எப்பாக்ஸி பிரைமர், பிறகு நசுங்கின பள்ளத்தை நிரப்பப் பட்டி, தேய்த்துச் சமன் செய்து மறுபடி எப்பாக்ஸி. பட்டி தண்ணீரைக் குடிக்கும், அதனால் பட்டியைக் காய்ந்த உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும். எப்பாக்ஸி டப்பாவில் எழுதியிருக்கும் கலவை நேரத்தை, அதாவது கலந்தபின் எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்பதை, நம்பி உட்காராதீர்கள். அது பெரும்பாலும் 20, 23 டிகிரிக்கு எழுதியது, பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறையப் பாதியாகும். நம் மத்தியானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குவதுதான் புத்தி. எப்பாக்ஸி காய்ந்த பிறகு மேலே மெழுகு பூசியது மாதிரி வழவழப்பாக இருந்தால் அது ஈரத்தால் வந்தது, வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் தேய்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எவ்வளவு வாங்குவது? டப்பாவில் திடப்பொருள் சதவீதம் போட்டிருக்கும். அதைப் பத்தால் பெருக்கி, காய்ந்தபின் வேண்டிய மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வரும். 50 சதவீதம், 40 மைக்ரான் என்றால் பன்னிரண்டரை சதுர மீட்டர். ஸ்பிரேயில் கால் பங்குக்கு மேல் காற்றோடு போகும், அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு கீழே இருப்பதைச் சரியாக மறைக்காது, அடியில் ஒரே சீரான நிறத்தில் பிரைமர் இருந்தால்தான் இரண்டு கோட்டில் முடியும். திட்டுத்திட்டாக இருந்தால் நாலு கோட் அடித்தாலும் நிழல் தெரியும். என் 35க்குச் சிவப்பு 2 லிட்டரும் சாம்பல் 3 லிட்டரும் வாங்கினேன், சிவப்பில் கால் டப்பா மிச்சம்.

எந்த நேரத்தில் அடிப்பது

நான் கெடுத்த பானெட் கதை இங்கேதான் வருகிறது. காற்றில் இருக்கும் ஈரம், குளிர்ந்த இரும்பின் மேல் பனியாகப் படிகிற ஒரு வெப்பநிலை உண்டு, பனிநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் சூடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கப்பல் வேலையில் இது பாலபாடம்.

சிங்கப்பூரில் விடியற்காலை ஈரம் 90ஐத் தாண்டும், மழையில்லாத மத்தியானத்தில் 60 பக்கம் இறங்கும். கணக்குப் பாருங்கள்: காலையில் 26 டிகிரி, 95 சதவீதம் என்றால் பனிநிலை 25. வித்தியாசம் ஒரே ஒரு டிகிரி. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வார்ப்பிரும்பு காற்றைவிடச் சில்லென்று இருக்கும், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலத்தின் மேல்தான் நீங்கள் அடிக்கிறீர்கள். மத்தியானம் 31 டிகிரி, 65 சதவீதம் என்றால் பனிநிலை 23.6, ஏழு டிகிரிக்கு மேல் இடைவெளி. அதனால் காலை பத்தரைக்கு மேல் தொடங்கி, மூன்று மணிக்குள் கடைசிக் கோட்டை முடித்துவிடுங்கள், சாயங்கால ஈரம் ஏறுவதற்குள் மேல்தோல் காய்ந்திருக்கும். வெயில் நேராகப் படுகிற தகட்டில் அடிக்காதீர்கள், கை வைக்க முடியாத சூட்டில் பெயிண்ட் பரவும் முன்னாலேயே உறைந்து கொப்புளம் விடும். கொட்டகை நிழல்தான் சரி.

கடையில் கிடைக்கிற சின்ன ஈரமானி ஒன்று போதும். இரும்பின் சூட்டைப் பார்க்க இன்ஃப்ராரெட் துப்பாக்கி நல்லது, ஆனால் பளபளக்கிற இரும்பில் அது பொய் சொல்லும். மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, சிறிது நேரம் கழித்து அதன்மேல் குறி வையுங்கள்.

டிசம்பர், ஜனவரி மழையில் தொடங்காதீர்கள். பிப்ரவரி நல்ல மாதம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலில் சுமத்ரா காற்றோடு மழை வந்து போகும், அன்றைக்குக் கொட்டகையே தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நாளில் கழுவுகிற வேலையைப் பாருங்கள்.

அடிக்கும்போது

ஸ்பிரேக்கு முன்னால் பிரஷ். போல்ட் தலை, வெல்டிங், தகட்டின் ஓரம், மடிப்பு எல்லாவற்றுக்கும் சின்னப் பிரஷ்ஷால் ஒரு தடவை பூசிவிடுங்கள். பட்டறையில் இதை ஸ்ட்ரைப் கோட் என்கிறோம். பெயிண்ட் காயும்போது கூரான ஓரத்திலிருந்து பின்வாங்கும், துரு எப்போதும் அங்கேதான் ஆரம்பிக்கும். டிராக்டர் ஒன்றில் நூற்றுக்கணக்கான போல்ட் தலைகள், முதுகு வலிக்கும், செய்யுங்கள்.

கன்னில் மேல் கோட்டுக்கு 1.4 மில்லிமீட்டர் முனை, பிரைமருக்கு 1.8. தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், ஒவ்வொரு இழுப்பும் முந்தினதில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை ஆட்டாமல் தோளோடு நகருங்கள், தகட்டுக்கு வெளியே விசையை அழுத்தி வெளியே விடுங்கள். முதல் கோட் மெல்லிசாக, அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு. அது விரலில் ஒட்டாமல் இழுவையாக வந்ததும் நனைய ஒரு கோட். எல்லோரும் ஒரே கோட்டில் மூடப் பார்த்து வழியவிடுவார்கள். வழிந்தால் தொடாதீர்கள், காயட்டும், தேய்த்துக்கொள்ளலாம். தின்னர் மெல்லக் காய்கிற வகையாக வாங்குங்கள், வேகமானது காற்றிலேயே காய்ந்து தூளாக விழும்.

கம்ப்ரசர் இங்கே காற்றோடு தண்ணீரையும் அடைக்கும். தொட்டி அடிக் குழாயை ஒவ்வொரு மணி நேரமும் திறந்து வடியுங்கள். வாட்டர் டிராப்பை கம்ப்ரசர் வாயிலேயே மாட்டாதீர்கள், அங்கே காற்று சூடாக இருப்பதால் ஈரம் ஆவியாகவே தாண்டிப்போகும். ஐந்தாறு மீட்டர் ஹோஸ் தள்ளி, கன்னுக்குக் கிட்டத்தில் மாட்டுங்கள்.

ஆல்கைட்டில் ஒரு பொறி உண்டு. முதல் கோட் அடித்து ஒரு நாள் இரண்டு நாள் கழித்து, பாதி காய்ந்த நிலையில் அடுத்ததை அடித்தால், தின்னர் கீழே இறங்கி எல்லாம் கிழவன் தோல் மாதிரிச் சுருங்கிவிடும். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளிக்குள் அடியுங்கள், தவறிவிட்டால் முழுசாகக் காயும்வரை விட்டுவிட்டு, தேய்த்து அடியுங்கள். மூலையில் தெரியாத இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். ஆல்கைட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது, தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும்; தண்ணீர் வாளியில் போடுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் சைலன்சருக்கும் 600 டிகிரி தாங்குகிற சிலிகான் பெயிண்ட், மெல்லிசாக, நேராக வெறும் இரும்பின் மேல். அது சூட்டில்தான் இறுகும், இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். முதல்முறை புகையும், பயப்படாதீர்கள்.

ஸ்டிக்கரை மட்டும் மூன்று நான்கு வாரம் தள்ளிப் போடுங்கள். ஆல்கைட் உள்ளே காய்ந்துகொண்டே இருக்கும், சீக்கிரம் ஒட்டினால் அடியில் கொப்புளம் வரும். நான் ஐந்து வாரம் காத்திருந்து, ஒரு ஞாயிறு மத்தியானம் சோப்புத் தண்ணீர் தெளித்து, பழைய பஸ் கார்டால் காற்றை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி, இரண்டு பக்கமும் கோணாமல் ஒட்டி முடித்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் தவ்கே அதை ஸ்டார்ட் பண்ணி, நேராகக் கங்குங் கீரைப் பாத்திச் சேற்றுக்குள் இறக்கிவிட்டார்.